அம்மாவ பாக்கிறன், ஆனா எனக்கே என்னமோ ஆகுது. வீட்டில நோயாளி வைச்சிருக்கிற ஆக்கள் எப்பிடி சமாளிக்கிறீங்க?

களுவாஞ்சி_மகள்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், நேரமிரிக்கிறாக்கள் வாசிங்க. அம்மாவுக்கு போன வருசம் ஸ்ட்ரோக் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்திட்டு, பேச்சும் போயிட்டு, ரெண்டு மூணு சொல்லுத்தான் வரும். நான் கடைசிப் பொம்புளப்புள்ள, வீடு எனக்கு சீதனமா எழுதின வீடு, அதால அம்மா என்னோடதான். அக்கா வாழைச்சேனைல, அவக்கும் சின்னப் புள்ளைகள். அண்ணா கட்டார்ல, மாசம் மாசம் காசு அனுப்புறார், அதுல ஒரு குறையும் சொல்ல ஏலா. என்ட வீட்டுக்காரர் மேசன் வேலை, வெள்ளன போனா பொழுதுபட்டுத்தான் வருவார்.

ராவைல ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லாட்டி முதுகில புண் வந்திரும் எண்டு வார்ட்ல நேர்ஸ் மிஸ்ஸி சொல்லித்தான் விட்டவ. அலாரம் வைச்சு எழும்புறன். திருப்பினா நோகுது எண்டு அம்மா கத்துவா, சில நேரம் தூஷணத்தால ஏசுவா. எங்கட அம்மா அடுத்தவங்கள "நீ" எண்டு கூட பேசாத மனுசி. போன கிழமை பாம்பர்ஸ் மாத்தி, கழுவித் துடைச்சு, பவுடர் போட்டு, புதுசு கட்டி, கையக் கழுவிட்டு வந்து ஒரு பிளேன்டீ ஊத்தி வாயில வைக்கல்ல, திரும்பவும் போயிட்டா. அந்த நேரம் எனக்குள்ள வந்த கோவத்த எப்பிடி எழுதிற எண்டு தெரியல்ல. கப்ப அப்பிடியே வைச்சிட்டு கிணத்தடிக்குப் போய் நிண்டு "இவ போய்ச் சேந்தாலென்ன" எண்டு நினைச்சன். நினைச்ச உடனயே உடம்பெல்லாம் நடுங்கிட்டு.

எனக்கு மட்டுந்தானா இப்பிடி வருது? நெஞ்சு படபடண்டு அடிக்குது, சோறு இறங்குதில்ல, புள்ளைகள் கூப்பிட்டாலே எரிஞ்சு விழுறன். பாக்க வாறாக்கள் எல்லாம் "நீ புண்ணியம் செஞ்ச புள்ள, உன்னப்போல ஆரும் பாக்க மாட்டாங்க" எண்டு சொல்லிட்டு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிருவாங்க. அந்தச் சொல்லக் கேட்டாலே எனக்கு அழுகைதான் வருது.

சாய்ந்தமருது_நானா:

தங்கச்சி நீங்க மட்டும் இல்ல. எங்கட வீட்ல பொஞ்சாதிக்கு கிட்னி ரெண்டும் போயிட்டு, டயாலிசிஸ் நடக்குது, கிழமைக்கு ரெண்டு தரம், மிஷின்ல போட்டா நாலு மணித்தியாலம், நான் வெளியில வாங்குல குந்திக்கிட்டு இருப்பன். அது கூட பரவால்ல. தண்ணிதான் பெரிய சோதனை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் எண்டு டொக்டர் அளவு சொல்லியிருக்கார், நான் காலைல சின்னப் போத்தல்ல அளந்து ஊத்தி வைச்சிருவன். பகல் ரெண்டு மணி வெயிலுக்க அது முடிஞ்சிரும். அதுக்குப் பிறகு அவ ஒண்டும் கேக்க மாட்டா, என்னப் பாப்பா, அவ்வளவுதான். இருபது வருசம் எனக்கு சோறு போட்ட மனுசிக்கு நான் தண்ணி இல்ல எண்டு சொல்லணும். நோன்பு காலத்தில நானும் தாகத்தோட இருக்கிறதால மனசுக்கு கொஞ்சம் லேசா இருந்திச்சு, உண்மையச் சொல்றன்.

ஆம்புளைகள்ட்ட ஆரும் கேக்கிறதும் இல்ல. பள்ளிவாசல்ல காணுறவங்க "பொஞ்சாதிக்கு எப்பிடி" எண்டுதான் கேப்பாங்க. எனக்கு எப்பிடி எண்டு ஒருத்தர் கேட்டா அதுல நிண்டு அழுதிருவன் போல இருக்கு, அதால கேக்காம இருக்கிறதும் நல்லதுதான் போல.

ஆரையூர்_மாமி:

புள்ள கோவிக்காதீங்க, ஆனா பெத்த தாயப் பத்தி இப்பிடி எழுதுறது எனக்கு சரியாப் படல்ல. எங்கட அம்மம்மா படுக்கைல கிடந்த காலம் முழுக்க எங்கட அம்மாதான் பாத்தவ, அப்ப பாம்பர்ஸும் இல்ல ஒண்டும் இல்ல, பழைய சீலத்துணிதான், அவ்வளவும் கையால தோய்ச்சவ. ஒரு நாள் ஒரு சொல்லு குறையா சொன்னதில்ல. இந்தக் காலத்து புள்ளைகளுக்கு பொறுமை குறைஞ்சிட்டு. கோயில் அம்மாள வேண்டிக்கொண்டு செய்ங்க, அவ பாத்துக்குவா.

நிலா_தம்பிலுவில்:

மாமி, உங்கள மறுத்துப் பேசுறதுக்கு மன்னிக்கணும். உங்கட அம்மா குறை சொல்லல்ல எண்டா குறை இருக்கல்ல எண்டு அர்த்தமில்ல, ஆர்ட்ட சொல்லுற? அதோட அந்தக் காலத்தில அவ தனிய பாத்தவவா எண்டு ஒருக்கா நினைச்சுப் பாருங்க. எங்கட பக்கம் வீடு வளவு பொம்புளப்புள்ளைக்கு, கலியாணம் முடிச்ச ஆம்புள பொஞ்சாதிட வீட்டுக்கு வருவார், அக்கா தங்கச்சி எல்லாரும் ஒரே வளவுக்க, இல்லாட்டி அடுத்த வளவுக்க. எங்கட அம்மம்மாவ பாத்ததும் அப்பிடித்தான், காலைல பெரியம்மா குளிக்க வார்ப்பா, மத்தியானம் சின்னம்மா தீத்துவா, ராவைக்கு எங்கட அம்மா. கஞ்சி ஒரு அடுப்பில, துணி தோய்க்கிறது இன்னொரு கிணத்தில. பேர் ஒராளுக்கு இருந்தாலும் கை ஆறு எட்டு.

இப்ப அந்த முறையில மிஞ்சினது வீட்ட எழுதிக் குடுக்கிறது மட்டுந்தான். யுத்தம் வந்து கொஞ்சப்பேரப் பிரிச்சிட்டு, 2004 சுனாமியில கடற்கரை வளவெல்லாம் போய் வீட்டுத்திட்ட வீட்டில ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பக்கமாயிட்டம், மிச்சம் வெளிநாடு. ஆனா "வீடு ஆருக்கோ அவதான் பாக்கணும்" எண்ட சட்டம் மட்டும் அப்பிடியே நிக்குது. ஆறு எட்டுக் கை செஞ்ச வேலைய ரெண்டு கை செய்யுது, அதுக்குப் பிறகு பொறுமை இல்ல எண்டு சொன்னா அது அநியாயம் மாமி. எனக்கு இத நினைச்சாலே நெஞ்சு எரியுது, ஏனெண்டா எங்கட அக்கா இப்பிடித்தான் அப்பாவ பாத்து பாத்து மெலிஞ்சு போனா, நாங்க எல்லாரும் அவளப் புகழ்ந்துக்கிட்டு இருந்தம்.

யூனிட்_தம்பி:

நான் ஒரு ஆஸ்பத்திரில மனநலப் பிரிவில வேலை செஞ்சவன், டொக்டர் இல்ல, கிராமம் கிராமமா வீடு வீடாப் போற வேலை. அக்கா, உங்கட பதிவ ரெண்டு தரம் வாசிச்சன்.

முதல்ல அம்மா ஏசிறதப் பத்தி. வலப்பக்கம் விழுந்தா அடிபட்டது மூளைட இடப்பக்கம், கூடுதலான ஆக்களுக்கு பேச்சு இருக்கிறதும் அங்கதான். யோசிச்சு சொல்லெடுத்துப் பேசுற பேச்சுத்தான் போகும். யோசிக்காம தன்பாட்டில வாற பேச்சு கன பேருக்கு மிஞ்சும், ஒண்டு ரெண்டு எண்ணுறது, சின்னல்ல படிச்ச தேவாரம், நோவு வந்தா வாயில வாற ஏச்சு. "மெதுவா திருப்பு மகள்" எண்டு சொல்லத்தான் அவக்கு விருப்பம், ஆனா அந்த வசனம் வராது, இந்தச் சொல்லுத்தான் வரும். உங்கள ஏசுறா எண்டு எடுக்காதீங்க. அவக்கு நல்லாத் தெரிஞ்ச தேவாரம் ஒண்ட பக்கத்தில இருந்து மெதுவா பாடிப் பாருங்க, சேந்து பாடினாலும் பாடுவா. அதோட ஸ்ட்ரோக் வந்த ஆக்கள்ல மூணு பேர்ல ஒராளுக்கு மனச்சோர்வு வாறது, சாப்பிடாம முகத்த திருப்புறது கத்துறது எல்லாம் அதாலயும் இருக்கலாம், அதுக்கு மருந்து இருக்கு, கிளினிக்ல கட்டாயம் சொல்லுங்க.

ரெண்டாவது நீங்க. உங்களுக்கு வந்த கோவத்தப் பத்தி ஒரு விசயம் சொல்லணும். நோயாளிய பாக்கிறாக்கள்ட பாரத்த அளக்கிறதுக்கு ஸாரிட் எண்ட ஆராய்ச்சியாளர்ட பேர்ல ஒரு கேள்விக்கொத்து இருக்கு, 1980ல தொடங்கினது, இப்ப உலகம் முழுக்க பாவிக்கிறது 22 கேள்வி. அதுல ஒண்டு, அவங்களுக்குப் பக்கத்தில இருக்கேக்க உங்களுக்கு கோவம் வருதா எண்டதுதான். அதாவது கோவம் வரும் எண்டு தெரிஞ்சுதான் அந்தக் கேள்விய போட்டிருக்காங்க. இன்னும் செய்யணுமே எண்டு நினைக்கிறீங்களா எண்டும் ஒண்டு இருக்கு. ரெண்டுக்கும் ஒரே ஆள் ஓம் எண்டு சொல்லுறத நான் எத்தனையோ வீட்ல கேட்டிருக்கன்.

இத சும்மா மனசுக் கவலை எண்டு விடவும் ஏலா. 1999ல அமெரிக்காவில ஒரு ஆய்வு வந்தது, வயசான காலத்தில புருசனையோ பொஞ்சாதியையோ பாத்து அந்தப் பாரத்தால கஷ்டப்படுற ஆக்களையும் பாக்க வேண்டிய தேவையில்லாத ஆக்களையும் நாலு வருசம் பாத்திருக்காங்க. கஷ்டப்பட்டாக்கள் அந்த நாலு வருசத்துக்குள்ள இறந்து போற ஆபத்து 63 வீதம் கூடவா இருந்திச்சு. நானா, இது உங்களுக்கும்தான் சொல்றன், கடைசியா பிரஷர் எப்ப பாத்தீங்க?

அக்கா, இன்னொண்டு நேரடியாவே கேக்கிறன், கேக்கிறதால ஒண்டும் கூடிப் போகாது. அம்மா போனா என்ன எண்டு வந்த நினைப்பு களைப்பில வாறது. ஆனா நீங்க செத்துப் போகணும், எல்லாத்தையும் முடிச்சுக்குவம் எண்டு நினைப்பு வருதா? வந்தா இண்டைக்கே சொல்லுங்க. 1926 எண்டது அங்கொட தேசிய மனநல நிறுவனத்திட இலக்கம், 24 மணித்தியாலமும், தமிழ்லயும் பேசலாம். 1333ம் இருக்கு, அதுக்கு காசு இல்ல.

கல்லடி_பாலம்:

அக்கா என்ட அனுபவத்தில, ராவைக்கு அம்மாவுக்கு ஒரு பிரிட்டன் (Piriton) குளிசை குடுத்துப் பாருங்க, தடிமலுக்கு குடுக்கிறதுதான், நல்லா நித்திர வரும், நீங்களும் படுக்கலாம். எங்கட அப்பப்பாவுக்கு அப்பிடித்தான் குடுத்த.

யூனிட்_தம்பி:

தயவு செஞ்சு அத செய்யாதீங்க. வயசான ஆக்களுக்கு அந்தக் குளிசை தடுமாற்றத்த கூட்டும், சலம் கட்டும், மலம் இறுகும். ஸ்ட்ரோக் வந்தாக்களுக்கு விழுங்கிறதே கஷ்டம், அரை மயக்கத்தில எச்சில் சாப்பாடு சுவாசப்பைக்குள்ள போனா நியூமோனியாதான். நித்திரைக்கு மருந்து வேணுமெண்டா கிளினிக் கொப்பியோட போய் டொக்டர்ட்ட கேளுங்க, பாமசில கேட்டு வாங்க வேணாம். உங்களுக்கும் அப்பிடித்தான் அக்கா, அம்மாட குளிசைல ஒண்ட எடுத்துப் போடுற பழக்கம் கன வீட்டில இருக்கு.

படுவான்கரையான்:

இந்த இழையில நானும் எழுதலாமா தெரியல்ல, எங்கட வீட்டு வருத்தம் உடம்பு வருத்தம் இல்ல. தம்பிக்கு சின்ன வயசிலயே மனநோய் வந்திட்டு, மாச ஊசி போடுறம், ஊசி ஒழுங்காப் போட்டா ஆள் நல்லம், வயலுக்கும் வருவான். பாக்கிறது அம்மாதான். நாங்க மண்டூர் பக்கம், ஊசிக்கு களுவாஞ்சிகுடி வாறதெண்டா குருமண்வெளிக்கு பாதை, அதான் ஆத்தக் கடக்கிற மிதவை, ஏறணும், பாதைல தெரிஞ்ச சனம் முழுக்க நிக்கும், எங்க போறீங்க எண்டு கேப்பாங்க, அம்மா ஒவ்வொரு மாசமும் பல்லுக் காட்டப் போறம் எண்டு சொல்லுவா. படுக்கைல ஒராள் கிடந்தா சனம் பாக்க வரும், பழம் பிஸ்கட் கொண்டு வரும். எங்கட வீட்டுக்கு ஆரும் வாறதில்ல. விசர் வீடு எண்டு அடையாளம் சொல்லுறாங்க.

அம்மாட நோவு என்னெண்டா தான் போனாப் பிறகு அவன ஆர் பாக்கிற எண்டதுதான். நான் பாப்பன் எண்டு எத்தனை தரம் சொன்னாலும் நித்திரை இல்லாம விறாந்தைல குந்திக்கிட்டு இருப்பா.

யூனிட்_தம்பி:

அண்ணா, கட்டாயம் எழுதுங்க, இது உங்கட இழையும்தான். அம்மாட பயத்துக்கு வாய்ச்சொல்லு காணாது. அடுத்த ஊசிக்கு நீங்களும் கூடப் போங்க, முடிஞ்சா அம்மாவ வீட்ல விட்டுட்டு நீங்க மட்டும் தம்பியோட போங்க. கிளினிக் கொப்பில உங்கட போன் நம்பரையும் எழுதச் சொல்லுங்க, மருந்துட பேர், அடுத்த திகதி, வருத்தம் கூட வாறதுக்கு முதல் அவன்ல என்ன மாத்தம் தெரியும் எண்டது எல்லாம் அம்மாட்ட இருந்து படிச்சு எடுங்க. நீங்க பாக்கிறத அம்மா கண்ணால கண்டாத்தான் அவக்கு நம்பிக்கை வரும். அதோட வீட்டில ஏச்சும் குத்தப் பேச்சும் கூடினா இந்த வருத்தம் திரும்ப வாற ஆபத்தும் கூட, அதால அம்மா ஆறுதலா இருக்கிறது தம்பிக்கும் ஒரு மருந்து.

தோஹா_மட்டு:

நான் இந்தக் கதைல வாற அண்ணா மாதிரி ஒராள். வேற குடும்பம், ஆனா அதே கதை. அப்பா ஏறாவூர்ப் பக்கம் தங்கச்சி வீட்டில, டிமென்ஷியா, பொழுதுபட்டா "வீட்ட போகணும்" எண்டு கேற்ற பிடிச்சு ஆட்டுவாராம். நான் வேலை முடிஞ்சு ஒவ்வொரு நாளும் வீடியோ கோல் எடுப்பன். எடுத்தா தங்கச்சி போன அப்பாட முகத்துக்கு நேரா பிடிச்சிருவாள், அவள்ட முகத்த நான் ஒழுங்காப் பாத்தே கன காலம். இதெல்லாம் வாசிச்சாப் பிறகு கேக்கிறன், காசத் தவிர தூரத்தில இருந்து என்ன செய்யலாம்? உண்மையாத்தான் கேக்கிறன்.

நிலா_தம்பிலுவில்:

அண்ணா நீங்க கேட்டதே பெரிய விசயம். முதல்ல அனுப்புற காச ரெண்டாப் பிரிங்க, அப்பாட மருந்துக்கு ஒண்டு, தங்கச்சிட நேரத்துக்கு ஒண்டு. பின்னேரம் நாலு மணில இருந்து எட்டு மணி வரைக்கும், அப்பா கூடுதலா தடுமாறுற நேரத்துக்கு, ஊருக்குள்ள தெரிஞ்ச ஒரு அக்காவ சம்பளத்துக்கு ஒழுங்கு பண்ணுங்க. அந்த ஆளத் தேடுறது, பேசுறது, சம்பளம் போடுறது, அவ வராட்டி மாத்து ஆள் தேடுறது எல்லாத்தையும் நீங்க போன்ல அங்க இருந்தே செய்யலாம். அத தங்கச்சிட தலைல போட்டா அவளுக்கு இன்னொரு வேலைதான் கூடும். கிளினிக் திகதி, குளிசை முடியிற நாள், அஸ்வெசும எண்ட அரச உதவிக் காசு விண்ணப்பம், இதையும் நீங்க எடுங்க.

லீவில வந்தா விருந்துக்குத் திரியாம, ஒரு கிழமை ராவைல அப்பாவோட நீங்க படுங்க, தங்கச்சிய புள்ளைகளோட எங்கயாவது அனுப்புங்க. கோல்ல "ஏன் அப்பா மெலிஞ்சிருக்கார்" எண்டு மட்டும் கேட்டிராதீங்க. எங்கட அக்கா அந்தக் கேள்விக்குப் பிறகு ரெண்டு நாள் சாப்பிடல்ல.

களுவாஞ்சி_மகள்:

எல்லாரும் எழுதினத அம்மாக்குப் பக்கத்தில இருந்துதான் வாசிச்சன். தம்பி கேட்டதுக்கு பதில், செத்துப் போகணும் எண்டு நினைப்பு வாறல்ல, ஆனா விடிய எழும்பாம அப்பிடியே நித்திரைல கிடந்தா நல்லம் எண்டு சில நாள் நினைக்கிறன். இதுவும் அதுதானா தெரியல்ல.

தேவாரம் பாடினன். முதல் நாள் சும்மா பாத்துக்கிட்டு இருந்தா. அடுத்த நாள் ரெண்டாவது வரில சேந்திட்டா, சொல்லு சொல்லா தெளிவா வந்திச்சு, என்ட மூத்தவன் ஓடி வந்து "அம்மம்மா பேசுறா" எண்டு கத்தினான். முடிஞ்ச உடன தண்ணி வேணுமா எண்டு கேட்டன், அதுக்கு ஏச்சுத்தான் வந்திச்சு, ஆனா எனக்கு கோவம் வரல்ல.

அண்ணாட்டயும் பேசினன். நிலா அக்கா எழுதினத அப்பிடியே போன்ல அனுப்பினன். அவர் கன நேரம் ஒண்டும் பேசல்ல, மறுகா "எனக்கு விளங்கல்லடி, நீ ஒரு நாளும் சொல்லல்லியே" எண்டார். அக்காவும் மாசத்தில ரெண்டு சனி ஞாயிறு வந்து நிப்பன் எண்டு சொல்லியிருக்கா, புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வாறாவாம். மாமி, உங்களோட எனக்கு கோவம் இல்ல, நானும் உங்களப் போலதான் நினைச்சுக்கிட்டு இருந்த.

ஆரையூர்_மாமி:

நான் உங்களுக்கெல்லாம் எழுதினாப் பிறகு எங்கட சின்னம்மாக்கு கோல் எடுத்து அந்தக் காலத்தப் பத்திக் கேட்டன். அம்மா கொல்லைக்குப் போய் வாயில சீலையப் பொத்திக்கொண்டு அழுவாவாம். எனக்கு அது தெரியாது. புள்ள, நான் ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எனக்கு தூரமில்ல, பஸ்ல வந்திருவன். கிழமைல ஒரு நாள் பகலுக்கு வந்து அம்மாவோட இருந்து தாறன், நானும் தீத்தி கழுவிப் பழக்கமான ஆள்தான். விருப்பமெண்டா தனியா மெசேஜ் போடுங்க.

சாய்ந்தமருது_நானா:

தம்பி, பிரஷர் பாத்தன். 170 எண்டு சொல்லி குளிசை தந்திருக்காங்க. டயாலிசிஸ் நடக்கிற இடத்துக்கு பக்கத்திலதான் ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு), இவ்வளவு நாளும் அந்த வாங்குல சும்மா இருந்திருக்கன். அங்க என்னப் போல காத்துக்கிட்டு இருக்கிற ஆக்கள் நாலஞ்சு பேர், தமிழ் ஆக்களும் எங்கட முஸ்லிம் ஆக்களும், போன முறை முதல் தரமா பேசிக்கிட்டம். ஒராள் போய் வெளியில சாப்பிட்டு வர மத்தவர் ரெண்டு நோயாளியையும் பாக்கிற எண்டு ஒழுங்கு பண்ணியிருக்கம்.

யூனிட்_தம்பி:

நல்லம் நானா, குளிசைய விடாம போடுங்க.

களுவாஞ்சி அக்கா, விடிய எழும்பாம கிடந்தா நல்லம் எண்ட நினைப்பும் அதுல சேத்திதான், அத சின்னதா எடுக்காதீங்க. சோறு இறங்காம, நித்திரை இல்லாம, ஒண்டுலயும் மனசு ஒட்டாம ரெண்டு கிழமைக்கு மேல போனா அது மனச்சோர்வா இருக்கலாம், சுகமாக்கலாம். உங்கட கிட்டின ஆஸ்பத்திரிக்குப் போய் ஓபிடில "நித்திரை இல்ல, மனசு சரியில்ல, மனநல டொக்டரப் பாக்கணும்" எண்டு சொல்லுங்க, துண்டு தருவாங்க. அம்மாட கொப்பியோட சேத்துப் பாக்க வேணாம், உங்கட பேர்ல தனிக் கொப்பி போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமெண்டா பிரதேச செயலகத்தில உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பாங்க, அங்க இருந்தும் தொடங்கலாம், அதே கட்டடத்தில சமூக சேவை உத்தியோகத்தரையும் கண்டு அம்மாக்கு வீல் செயார் விண்ணப்பம் கேளுங்க. அந்த நினைப்பு கூடினா கிளினிக் நாள் வரும் வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்க வேணாம், 1926க்கு எடுங்க, இல்லாட்டி வீட்டுக்காரர எழுப்புங்க.

உங்கட அக்கா வந்து நிக்கிற சனிக்கிழமைல உங்களுக்கு நித்திரைதான் முதல், வீடு கூட்டுறது உடுப்புத் தோய்க்கிறது எல்லாம் ஞாயிறுக்கு.

களுவாஞ்சி_மகள்:

சரி தம்பி. மாமி, உங்களுக்கு மெசேஜ் போட்டிருக்கன், புதன்கிழமை வர ஏலுமா? பத்து மணிக்கு முதல் வந்தீங்கண்டா அம்மாவ தூக்கிக் குளிப்பாட்டுற விதத்த காட்டித் தருவன், மறுகா நான் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுறன்.